நான்கு கம்பிகள் போதும்

“இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?”

முப்பத்தைந்திலோ நாற்பதிலோ ஒரு பேஸ் கிட்டாரை வீட்டுக்குத் தூக்கி வருகிற எவரையும் இந்தக் கேள்வி விட்டுவைப்பதில்லை. அம்மா கேட்பார். அலுவலக நண்பர் கேட்பார். எதிர்வீட்டுப் பெரியவர் படிக்கட்டில் நிறுத்திக் கேட்பார். கச்சேரி செய்யப் போகிறாயா, சினிமாவில் வாசிக்க வாய்ப்பு வருமா, யூடியூபில் போட்டால் காசு கிடைக்குமா என்று அக்கறையோடுதான் கேட்பார்கள். ஆனால் அந்த அக்கறைக்குள் ஒரு தீர்ப்பு பதுங்கியிருக்கிறது. வருமானம் தராத எதையும் வளர்ந்த மனிதர் கற்கக் கூடாது என்கிற தீர்ப்பு. அதற்குத் தலை குனியாதே. “வாசிக்கப் போகிறேன்” என்று சொல். அதோடு நிறுத்து. அதற்குமேல் யாருக்கும் விளக்கம் சொல்லும் கடமை உனக்கு இல்லை.

உன்னை எனக்குத் தெரியும். பகல் முழுக்க வங்கிக் கணக்கோ, மென்பொருள் பிழையோ, கட்டுக்கட்டாக விடைத்தாள்களோ உன்னைத் தின்கின்றன. இரவு பத்தரைக்கு ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாய். யெஸ், ரஷ், கிங் கிரிம்சன், ஜெனிசிஸ், பிங்க் ஃப்ளாய்ட் என்று எல்லாம் புராக்ரசிவ் ராக் குழுக்கள். மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு உனக்குப் பற்றுவதில்லை. யெஸ் குழு 1972-ல் வெளியிட்ட ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ 18 நிமிடங்களுக்கு மேல் ஓடும். அதை நடுவில் நிறுத்த உனக்கு மனம் வந்ததே இல்லை. தாளம் எங்கே மடங்குகிறது, எங்கே நிமிர்கிறது என்று உன் கால் கட்டைவிரலுக்குத் தெரியும். ஆனால் “நீயே வாசிக்கலாமே” என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பின்வாங்கிவிடுகிறாய். “ஐயோ, அதெல்லாம் மேதைகள் சமாச்சாரம். நான் சும்மா கேட்கிற ஆள்.”

சும்மா கேட்கிற ஆளா? 18 நிமிட இசையை அசையாமல் உட்கார்ந்து கேட்பது சும்மா நடக்கிற காரியமா? அந்தப் பொறுமை வருடக்கணக்காக உன் காதில் சேர்ந்த முதலீடு. இசை கற்பதில் பெரும்பாதி அதுதான். மீதி விரலின் வேலை. விரலுக்கு மேதைமை வேண்டாம். நாள்தோறும் வேலை கொடுத்தால் போதும்.

“எனக்குச் சுருதி ஞானமே கிடையாது, தாளமும் நிற்காது” என்பது அடுத்த சாக்கு. ராபர்ட் ஃப்ரிப்பைப் பார். இங்கிலாந்தின் டார்செட்டில் பிறந்து, கிங் கிரிம்சன் குழுவை 1969 முதல் முன்னின்று நடத்தியவர். அந்த ஆண்டு அக்டோபரில் வந்த ‘இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்’ தான் புராக்ரசிவ் ராக் என்ற வகைக்கே வாசல் திறந்தது என்று சொல்பவர்கள் பலர். அப்படிப்பட்டவர், பதினோரு வயதில் கிட்டாரைத் தொட்டபோது தனக்குச் சுருதியும் பிடிபடவில்லை, தாளமும் இல்லை என்று தானே சொல்லியிருக்கிறார். போதாக்குறைக்கு இயல்பில் இடக்கைக்காரர். ஆனாலும் வலக்கைக்காரர்கள் பிடிப்பதைப் போலவே கிட்டாரைப் பிடித்துக் கற்றார். உன்னிடம் இல்லாதது என்று நீ எதையெல்லாம் பட்டியல் போடுகிறாயோ, அதையெல்லாம் இல்லாமல்தான் அவரும் ஆரம்பித்தார்.

அதே ஃப்ரிப் 1971-ல் செய்த காரியத்தை நான் நினைக்கும்போதெல்லாம் ரத்தம் சூடாகிறது. குழுவுக்குப் பாடகராக பாஸ் பரெல் வந்துவிட்டார். பேஸ் வாசிக்க ஆள் அமையவில்லை. ஆள் தேடித் தேடி அலுத்துப்போன நிலையில் ஃப்ரிப் ஒரு முடிவெடுத்தார்: இந்தப் பாடகருக்கே பேஸ் கற்றுக்கொடுத்துவிடலாம்! பரெல் பேஸ் வாசிப்பவர் அல்ல. குழுவோ உலகத்திலேயே சிக்கலான தாளக் கணக்குகளை வாசித்துக்கொண்டிருந்த குழுக்களில் ஒன்று. ஃப்ரிப்பும் டிரம்மர் இயன் வாலஸும் பக்கத்தில் உட்கார்ந்து, பகுதி பகுதியாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ‘ஐலண்ட்ஸ்’ ஆல்பத்தில் பரெல் பாடியதோடு பேஸும் வாசித்திருந்தார். இரண்டு வருடம் கழித்து பேட் கம்பெனி என்ற புதுக் குழுவின் பேஸ் கலைஞர் அவர்தான். 1974-ல் அந்தக் குழுவின் முதல் ஆல்பம் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது.

கவனி. பரெலுக்குத் தன்னம்பிக்கை முதலில் வந்து, வாசிப்பு பிறகு வரவில்லை. கையில் பேஸைக் கொடுத்துவிட்டார்கள், வாசித்தே ஆக வேண்டிய நிலை. வாசித்தார். நம்பிக்கை பின்னால் வந்து சேர்ந்தது. நீ தலைகீழாகக் காத்திருக்கிறாய். “கொஞ்சம் தைரியம் வரட்டும், அப்புறம் வாங்குகிறேன்” என்கிறாய். தைரியம் கடைக்கு வெளியே நின்றால் வராது! ஒரு சுரத்தைச் சரியாக மீட்டிய விரல், நாளை இன்னொன்றை மீட்டலாம் என்று தானாகவே கண்டுகொள்கிறது. நம்பிக்கை விரல் வழியாகத்தான் மேலே ஏறுகிறது, தோழா. மனசுக்குச் சேதி கடைசியில்தான் போகும்.

இந்த வாத்தியத்தை உலகத்துக்குத் தந்தவர் யார் என்று தெரிந்துகொள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். படித்தது கணக்குப் பதிவு. கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஆள் உயரத்துக்கு நிற்கிற டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைகிற கலைஞர்கள் படும் பாட்டைப் பார்த்தார். டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் முழங்கும்போது அந்தப் பாவப்பட்ட வாத்தியம் காதில் விழாமல் போவதையும் பார்த்தார். 1951-ல் பிரிசிஷன் பேஸ் வெளியே வந்தது. தோளில் மாட்டிக்கொள்ளலாம். 34 அங்குலக் கம்பி நீளம். ஃப்ரெட் என்னும் உலோகக் கோடுகள் பதித்த கழுத்து, அதனால் விரல் வைத்த இடத்தில் சுருதி பிசகாது. இன்றைக்கும் கடைகளில் தொங்குகிற பேஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு அதே 34 அங்குலம்தான், அதே ஈ, ஏ, டி, ஜி என்ற நான்கு கம்பிகள்தான். வாசிக்கத் தெரியாத ஒரு ரேடியோ மெக்கானிக், உலக இசையின் அடித்தளத்தையே மாற்றி வைத்தார். நீ அதை எடுத்து மடியில் வைக்க யோசிக்கிறாய்.

சரி, எடுத்து மடியில் வைத்துவிட்டாய். இனி நான் உனக்குச் சர்க்கரை தடவிப் பேச மாட்டேன். முதல் சில வாரங்கள் வலிக்கும்.

ஈ கம்பியின் தடிமன் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல். அதை மரத்தோடு அழுத்திப் பிடிக்க உன் விசைப்பலகை விரல்களுக்குப் பழக்கம் இல்லை. தோல் சிவக்கும், எரியும், பிறகு காய்க்கும். முதல் நான்கு ஃப்ரெட்டுகள் மட்டுமே ஏழு அங்குல நீளத்துக்கு விரிந்து கிடக்கும். சாதாரண கிட்டாரில் அது ஐந்தேகால் அங்குலம்தான். “என் கை சிறியது” என்று நீ சொல்லப்போகிறாய். டபுள் பேஸ் கலைஞர்கள் நூறு வருடங்களுக்கு மேலாகச் செய்கிற வழி ஒன்று இருக்கிறது: ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் மூன்றால் மட்டும் அழுத்து, மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணை நிற்கட்டும். நான்கு ஃப்ரெட்டுக்குப் பதில் மூன்று ஃப்ரெட்டைக் கைக்குள் வை, தேவைப்படும்போது கையையே நகர்த்து. அதுவும் கடினம் என்றால் 30 அங்குல நீளத்தில் ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிடைக்கிறது. அதில் வாசிப்பது எந்த விதத்திலும் மட்டம் இல்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்கில் வாங்கிய ஹாஃப்னரும் குட்டைக் கழுத்துப் பேஸ்தான். பேஸ் வாசிக்க அவருக்கு ஆசையும் இருக்கவில்லை; குழுவில் பேஸ் வாசித்தவர் விலகியதால் அந்த இடம் அவர் தலையில் விழுந்தது. விழுந்த இடத்தில் எழுந்து நின்றார்.

வலியைவிட உன்னை அதிகம் சோதிக்கப் போவது வேறொன்று. ஒலிக்கக் கூடாத கம்பி ஒலிக்கும். நீ ஏ கம்பியை மீட்டுகிறாய், பக்கத்தில் ஈ கம்பி தானாக முனகுகிறது. ஆம்ப்பில் எல்லாம் சேறாகக் கேட்கிறது. புதிதாகக் கற்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து பெட்டியை மூடுகிறார்கள். மூடாதே! பேஸ் வாசிப்பின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. ஒலியை உண்டாக்குவது பாதித் திறமை. வேண்டாத ஒலியை அடக்குவது மறுபாதி. வலக்கைக் கட்டைவிரல் ஈ கம்பியின்மேல் படிந்து நிற்கட்டும். நீ அடுத்தடுத்த கம்பிக்குப் போகப் போக அதுவும் ஒவ்வொரு கம்பியாகப் பின்னாலேயே நகரட்டும். இடக்கையில் சும்மா இருக்கிற விரல்கள் மீதிக் கம்பிகளை மெல்லத் தொட்டபடி இருக்கட்டும். ஒரு மாதம் இதை மட்டும் செய். நிசப்தத்தை எங்கே வைக்க வேண்டும் என்று உன் கைக்குத் தெரிந்த நாளில், நீ கற்றுக்குட்டி என்ற நிலையைத் தாண்டியிருப்பாய்.

“முறையாகக் கற்காவிட்டால் தப்பாகிவிடுமே” என்ற பயத்தையும் இங்கேயே புதைத்துவிடு. டெட்ராய்ட்டின் மோடவுன் ஸ்டூடியோவில் எத்தனையோ வெற்றிப் பாடல்களைத் தாங்கிய ஜேம்ஸ் ஜேமர்சன், வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்து வாசித்தவர். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்றே பட்டப்பெயர். இரண்டு விரல் மாற்றி மாற்றி மீட்டுவதுதான் சரி என்று நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொள், நல்ல முறை அது. ஆனால் உலகமே வணங்குகிற பேஸ் கலைஞர் ஒற்றை விரலில் அதைச் செய்தார் என்பதையும் மறக்காதே. லாஸ் ஏஞ்சலஸின் கேரல் கே கிட்டார் கலைஞர். 1963-ல் ஒரு பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வரவில்லை. அவர் இடத்தில் உட்கார்ந்தார் கேரல். கிட்டார்க்காரர்களைப் போலப் பிக் வைத்தே வாசித்தார். அன்று தொடங்கி ஆயிரக்கணக்கான பதிவுகள். ஆண்கள் நிறைந்த அறையில் ஒரு பெண் போய் உட்கார்ந்து வாசித்தது அறுபதுகளின் அமெரிக்காவில் என்றால், இன்று உன்னைத் தடுப்பது எது, தங்கையே?

“பேஸை யார் கேட்கிறார்கள்?” என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். இதற்கு மட்டும் நீ கொஞ்சம் கோபப்படலாம்.

எல்லோரும்தான் கேட்கிறார்கள். பெயர் தெரியாமல் கேட்கிறார்கள். கீழ் ஈ கம்பி ஒரு நொடிக்கு 41 முறைக்குக் கொஞ்சம் மேலே அதிர்கிறது. அந்த ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். உன் அறையை விடப் பெரியது. சுவர் தாண்டிப் போய் நெஞ்சுக்கூட்டில் உட்காரும் ஒலி அது. இன்னும் கேள். கீபோர்ட் வாசிப்பவர் சி மேஜர் கார்டைப் பிடித்திருக்கிறார். அடியில் நீ சி வாசித்தால் பாட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டது. அதே கார்டுக்கு அடியில் நீ ஏ வாசி. மேலே இருப்பவர் ஒரு விரலையும் அசைக்கவில்லை, ஆனால் அது ஏ மைனர் செவன் ஆகிவிட்டது, அறையில் ஒரு துயரம் வந்து நிற்கிறது. ஒற்றைச் சுரத்தில் பாட்டின் மனநிலையையே திருப்புகிற அதிகாரம் உன் கையில்! தமிழ்க் காதுக்கு இதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதும் இல்லை. இளையராஜாவின் பாடல்களில் மெட்டுக்குக் கீழே தனி வழியில் நடக்கிற பேஸ் வரியைக் கேட்டுத்தானே வளர்ந்தாய்? பல்லவியைப் பாடும்போது உன்னை அறியாமல் ‘டூம் டூம்’ என்று இடையில் போட்டது எந்த வாத்தியம்?

மோடவுன் இசைத்தட்டுகளில் ஜேமர்சனின் பெயர் பல வருடங்கள் அச்சேறவில்லை. 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ உறையில்தான் அந்த நிறுவனம் தன் ஸ்டூடியோ கலைஞர்களை முறையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பெயர் வராத அத்தனை வருடங்களிலும் அவர் குறைத்து வாசித்தாரா? ஒரு சுரத்தைக்கூட அசட்டையாக விடவில்லை. பாராட்டு வரட்டும், அப்புறம் முழு மூச்சோடு உழைக்கிறேன் என்று சொல்பவர்கள் அந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டும்.

இனி, உன்னை மிரட்டுகிற அந்தத் தாளங்களுக்கு வருவோம். புராக்ரசிவ் ராக் என்றாலே ஏழு, ஐந்து, ஒன்பது என்று உடைந்த எண்ணிக்கைகள். மேற்கில் நான்கை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அது மலை. உனக்கும் ஏன் மலையாகத் தெரிகிறது? ஏழு எண்ணிக்கையில் நடக்கும் மிஸ்ர சாபு தாளத்தைக் கேட்ட காது அல்லவா உன்னுடையது? பிங்க் ஃப்ளாய்டின் ‘மணி’, 1973. நாணயங்கள் சிதறுவதும் தாள் கிழிவதும் கல்லாப்பெட்டி திறப்பதுமான ஏழு ஒலிகளை நாடாவில் பதிந்து, சம அளவில் வெட்டி ஒட்டி வளையமாக ஓடவிட்டார்கள். அதன்மேல் ரோஜர் வாட்டர்ஸின் பேஸ் ஏழு அடியில் நடக்கிறது. கையில் தட்டி “தகிட தகதிமி” என்று சொல்லிப் பார். அழுத்தம் விழுகிற இடங்கள் வேறாக இருக்கும். கணக்கு நிற்கும். சாக்ஸஃபோன் தனி ஏழிலேயே ஓடும். கிட்டார் தனி தொடங்கும்போது பாட்டு நான்குக்கு மாறும். அந்த மாற்றத்தில் தடுமாறாமல் ஒருமுறை கடந்துவிட்டால், அன்று இரவு உனக்குத் தூக்கம் வராது.

ரஷ் குழுவின் ‘ஒய்ஒய்ஸெட்’ இன்னும் அழகு. டொரான்டோ விமான நிலையத்தின் குறியீடு அது. அந்த மூன்று எழுத்துகளை மோர்ஸ் தந்திக் குறிப்பில் தட்டினால் வருகிற நெட்டையும் குட்டையும்தான் 1981-ல் வந்த அந்தப் பாட்டின் தொடக்கத் தாளம். நெட்டைக்கு இரண்டு மாத்திரை, குட்டைக்கு ஒன்று என்று வைத்துக்கொள். பள்ளிக்கூடத்தில் நெடிலுக்கும் குறிலுக்கும் நீ படித்த அதே கணக்கு! முதல் எழுத்து நெட்டை, குட்டை, நெட்டை, நெட்டை: ஏழு. இரண்டாவதும் அதே ஏழு. மூன்றாவது நெட்டை, நெட்டை, குட்டை, குட்டை: ஆறு. மொத்தம் இருபது. நான்கு நான்காகக் கட்டினால் ஐந்து அடி. வெண்பாவுக்கு அலகிட்டவர்களுக்கு இது என்ன பெரிய புதிர்? மேசையில் தட்டு. இன்றைக்கே வரும். பிறகு அதை ஈ கம்பிக்குக் கொண்டுபோ.

வேகம் வராது. வரத் தேவையும் இல்லை. மெட்ரோனோமை அறுபதில் வை. இரண்டு பார் மட்டும் எடுத்துக்கொள், முழுப் பாட்டையும் தொடாதே. ஏழுமுறை பிசகில்லாமல் வந்தால் நான்கு புள்ளி கூட்டு. பிசகினால் நான்கு குறை, அதில் அவமானம் எதுவும் இல்லை. கைப்பேசியில் உன் வாசிப்பைப் பதிந்து மறுநாள் கேள். வாசிக்கும்போது காது பொய் சொல்லும், மறுநாள் சொல்லாது. இருபது நிமிடம் போதும். ஆனால் தினமும் இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாள்களில் தொடாதவரை விட, தினம் இருபது நிமிடம் தொடுபவர் முன்னால் போவார். குழந்தை தூங்கிய பிறகு ஹெட்போன் ஆம்ப்பில் வாசி. சமையல் அடுப்பில் வேகும் நேரத்தில் வாசி. நேரம் இல்லை என்று சொல்கிற உன் கையில் கைப்பேசி எத்தனை நிமிடம் இருந்தது என்று அந்தக் கைப்பேசியே கணக்குச் சொல்லும், போய்ப் பார்.

“வயது போய்விட்டது” என்பதை மட்டும் என் முன்னால் சொல்லாதே. ரஷ் குழுவின் டிரம்மர் நீல் பியர்ட்டை நினைத்துக்கொள். தொண்ணூறுகளின் நடுவில் அவர் உலகத்தின் ஆகச் சிறந்த ராக் டிரம்மர்களில் ஒருவர். இருபது வருடப் புகழ். அரங்கம் அரங்கமாக மக்கள் அவர் தனி ஆவர்த்தனத்துக்கே எழுந்து நின்றார்கள். 1994-ல் ஜாஸ் டிரம்மர் பட்டி ரிச் நினைவாக ஒரு பதிவுத் திட்டத்தை நடத்தியபோது, சக கலைஞர் ஸ்டீவ் ஸ்மித்தின் வாசிப்பில் புதிதாக ஒரு மலர்ச்சியைக் கண்டார். எங்கிருந்து வந்தது இது என்று விசாரித்தார். ஃப்ரெடி க்ரூபர் என்ற முதிய ஆசிரியரின் பெயர் கிடைத்தது. நாற்பதைத் தாண்டிய பியர்ட் அந்த ஆசிரியரிடம் மாணவராகப் போய் உட்கார்ந்தார். குச்சியைப் பிடிக்கிற முறையையே மாற்றினார். உட்காரும் விதம், கை காற்றில் வரைகிற வளைவு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டினார். அவருக்கு என்ன தேவை இருந்தது? ஒரு நயா பைசாத் தேவை இல்லை. பேர் போயிருக்கலாம்; பழகிய கை புதிய முறையில் தடுமாறியிருக்கலாம். அந்த ஆபத்தைத் தெரிந்தே ஏற்றார். 1996-ல் வந்த ‘டெஸ்ட் ஃபார் எக்கோ’ அந்த மறுபிறப்புக்குப் பிறகு வாசித்தது. உச்சியில் நின்றவருக்கே மீண்டும் முதல் பாடத்துக்குப் போகக் கூச்சம் இல்லை. படியின் அடியில் நிற்கிற நமக்கு எதற்குக் கூச்சம்?

அதே ரஷ் குழுவின் இன்னொரு கதை, பொழுதுபோக்குக் கலைஞர்களுக்கென்றே நடந்ததைப் போல இருக்கும். 1975-ல் ‘கரெஸ் ஆஃப் ஸ்டீல்’ ஆல்பம் விலைபோகவில்லை. அதற்காகப் போன கச்சேரிப் பயணத்துக்கு அவர்களே வைத்த பெயர் ஏறக்குறைய ‘மூழ்கும் பயணம்’ என்ற பொருளில் இருந்தது. நீண்ட பாட்டுகளை விடுங்கள், வானொலிக்கு ஏற்ற சின்னப் பாட்டுகள் கொடுங்கள் என்று இசைத்தட்டு நிறுவனம் நெருக்கியது. மூவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? 1976-ல் ‘2112’ என்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதும் நிறைகிற, இருபது நிமிடம் ஓடுகிற ஒரே படைப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். தோற்றாலும் நம் இசையில் தோற்போம் என்ற முடிவு. அந்த ஆல்பம்தான் அவர்களைக் காப்பாற்றியது.

இப்போது உன் நிலையைப் பார். உனக்கு நிறுவனம் இல்லை. ஒப்பந்தம் இல்லை. விற்பனைக் கணக்கு கேட்க யாரும் இல்லை. அந்த மூன்று பேர் உயிரைப் பணயம் வைத்து வாங்கிய சுதந்திரம், மாதச் சம்பளம் வாங்குகிற உனக்கு முதல் நாளே இலவசமாகக் கிடைத்திருக்கிறது! பிடித்த பாட்டைப் பிடித்த வேகத்தில், பிடித்த அளவு நீளமாக வாசிக்கலாம். பொழுதுபோக்குக் கலைஞர் என்றால் தொழிலில் தோற்றவர் என்று யாரோ உன் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். இறக்கி வை. சந்தையின் கை எட்டாத இடத்தில் நின்று இசையை நேசிப்பவர் நீ.

தொழிலும் இசையும் சேர்ந்து நடக்காது என்றால் பெங்களூரின் ‘அகம்’ குழுவைக் கேள். கர்நாடக சங்கீதத்தையும் புராக்ரசிவ் ராக்கையும் ஒன்றாக இழைக்கிறவர்கள். ஏ. ஆர். ரஹ்மான் நடுவராக இருந்த சன் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் வழியே வெளிச்சத்துக்கு வந்தவர்கள். அதன் பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பல ஆண்டுகள் மென்பொருள் நிறுவனங்களில் வடிவமைப்பு வேலை பார்த்துக்கொண்டே மேடை ஏறியவர். வேலையைக் காரணம் காட்டி இசையை அவர் விடவில்லை.

பேஸ் கலைஞர்களில் என் தலைவன் கிரிஸ் ஸ்க்வயர் தான். இதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை. லண்டன் கிங்ஸ்பரியில் தேவாலயச் சேர்ந்திசையில் பாடிய பையன். இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்தபோது ஒரு ரிக்கன்பேக்கர் பேஸை வாங்கினார். வாழ்நாள் முழுக்க அதையே தன் குரலாக்கினார். பேஸ் என்றால் பின்னால் நின்று மெல்ல முணுமுணுக்க வேண்டும் என்ற எழுதாத சட்டத்தை அவர் மதிக்கவே இல்லை. பிக் பிடித்து, கம்பியின் கூர்மையை வெளியே கொண்டுவந்து, பாடகருக்கும் கிட்டாருக்கும் சரிசமமாக நின்று பேசினார். 1971-ல் வந்த ‘ஃப்ராஜைல்’ ஆல்பத்தில் ‘தி ஃபிஷ்’ என்ற சின்னப் படைப்பைக் கேள். ஏழு அடியில் பேஸ் மேல் பேஸாக அடுக்கியே அதைக் கட்டியிருக்கிறார். 2015-ல் அவர் இறந்தார். 2017-ல் யெஸ் குழுவை ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் சேர்த்தபோது, ‘ரவுண்டபவுட்’ பாட்டுக்கு அவர் இடத்தில் நின்று பேஸ் வாசித்தவர் ரஷ் குழுவின் கெட்டி லீ. போலந்திலிருந்து நாஜி முகாம்களைத் தாண்டிப் பிழைத்து வந்த பெற்றோருக்கு டொரான்டோவில் பிறந்தவர் அவர். ஸ்க்வயரைக் கேட்டுக் கேட்டு வாசிப்பை வளர்த்துக்கொண்ட ரசிகரும் அவர்தான். ‘சும்மா கேட்கிற ஆள்’ என்று தன்னைச் சொல்லிக்கொண்டு அவரும் உட்கார்ந்திருந்தால் அன்று அந்த மேடையில் யார் நின்றிருப்பார்?

ஆரம்பநிலை பேஸ் ஒன்று, நீ இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிற கைப்பேசியின் விலையைத் தாண்டாது. வாங்கு. மூன்று மாதம் தனியாக வாசி. அதற்குமேல் தனியாக இருக்காதே. பேஸ் தனியாக வாழ்கிற வாத்தியம் இல்லை. அதற்கு ஒரு டிரம்மர் வேண்டும். உன் அலுவலகத்திலேயே மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிற ஒருவர் இருக்கிறார், நிச்சயம் இருக்கிறார். கல்லூரியில் டிரம்ஸ் வாசித்ததாக ஒருமுறை சொல்லிவிட்டு, இப்போதெல்லாம் எங்கே என்று பேச்சை மாற்றியவர். அவரிடம் போ. ஜாம் ரூம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும், பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள். முதல் அரைமணி நேரம் பாட்டே வேண்டாம். அவர் கிக் டிரம்மை மிதிக்கிற அதே நொடியில் உன் விரல் கம்பியை விட்டு விலக வேண்டும், அது மட்டும் தான் வேலை. முன்னால் விழும், பின்னால் விழும், இருவருக்கும் வியர்க்கும். விடாதீர்கள். இரண்டும் ஒன்றாக விழுகிற அடி ஒன்று வரும். அது வந்ததும் ஏழுக்கு மாறச் சொல்.